பதிமூன்று பேர் ஆட்டம்

ஹெப்ஸ்வொர்த், யார்க்‌ஷயர்
30 ஆகஸ்ட் 1954, திங்கள்

அன்புள்ள அக்கா நெஸ்டாவுக்கு,

தம்பி எம்லின் எழுதுகிறேன். உடம்பெல்லாம் ஊமைக்காயம், மற்றபடி சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவின் இருமல் தேவலையா? நான் கார்டிஃபில் சிநேகிதன் கல்யாணத்தில் இருப்பதாகத்தானே இன்னும் நம்புகிறார்? கல்யாணம் எட்டு நாளா நடக்கும் என்று கேட்டால், பெண் ஓடிப்போய்விட்டாள், எல்லாருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவை.

சனிக்கிழமை ஆடினேன். தேர்வுக்கு வருகிறவன் பெயரை இங்கே பத்திரிகையில் போடமாட்டார்கள், ‘வேறொருவர்’ என்றுதான் அச்சடிப்பார்கள். அந்த வேறொருவர் இரண்டு தடவை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தார். நம் பதினைந்து பேர் ரக்பியைவிட இதில் இரண்டு ஆள் குறைவு, ஓட இடம் நிறைய. விழுந்தவன் மேல் எல்லாரும் குவிந்து உருளும் கதை இல்லை. எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும், மறுபடி ஓட வேண்டும். ஆனால் அடி பலம். “டாஃபி, ஒங்க ஊர்ல இதுக்கு முத்தம்னு பேரா?” என்று ஒரு தடியன் என்னைத் தரையில் அழுத்திக்கொண்டே கேட்டான். வேல்ஸ்காரன் யாரானாலும் இவர்களுக்கு ‘டாஃபி’தான்.

கிளப்காரர் கையெழுத்துப் போடச் சொல்கிறார். எனக்கு மனமில்லை அக்கா. புகை, மழை, வீட்டுக்கார ஹர்ஸ்ட் அம்மா வினிகர் ஊற்றிச் சில்லென்று வைக்கும் மாட்டுக்குடல், எதுவும் ஒத்துவரவில்லை. வரும் சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் ஆடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். முடிந்ததும் ரயிலேறிவிடுவேன். அக்டோபரில் வேல்ஸ் அணிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள், சிவப்புச் சட்டை இந்த வருடம் எனக்குத்தான் என்று ஊரே சொல்கிறது.

ஜாக்கிரதை. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடினேன் என்று தெரிந்தாலும் நம் ஆட்டத்தில் எனக்கு ஆயுள் முழுக்கத் தடை. கிளப் வாசலில்கூட நிற்கவிடமாட்டார்கள். விஷயம் உனக்கும், என் பெட்டியை ஸ்டேஷன் வரை தூக்கி வந்த மோஸ்டினுக்கும் மட்டும்தான் தெரியும். சுரங்கத்தில் என் மண்வெட்டியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்.

உன் அன்புத் தம்பி,
எம்லின்


தபால் ஆபீஸ், நாண்ட்கோச், வேல்ஸ்
2 செப்டம்பர் 1954

பிரியமுள்ள எம்லினுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியிலேயே தூங்குகிறார். டாக்டர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “எத்தன வருஷமா கரி வெட்டுறீங்க?” என்று கேட்டார்.

நேற்றோடு ஹேடன் அண்ணன் மேல் சுரங்கக்கூரை விழுந்து மூன்று வருடம். நானும் அப்பாவும் கல்லறைக்குப் போய்வந்தோம்.

இரண்டு தடவை கோடு தாண்டியது கேட்டுச் சந்தோஷம். நீ அவசரப்பட்டு ரயிலேற வேண்டாம், நன்றாக யோசி. உன் மண்வெட்டியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

தபால் பையைக் கட்டும் நேரம். இன்னொரு கடிதமும் இதே பையில் போக வேண்டும்.

அக்கா,
நெஸ்டா


ஹெப்ஸ்வொர்த்
13 செப்டம்பர் 1954

அக்கா,

சுகம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை, மன்னித்துக்கொள். நம் ஆட்டத்தின் தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எனக்கு ஆயுள் தடை. எந்தத் தேதி, எந்த மைதானம், எத்தனை தடவை கோடு தாண்டினேன் என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஹர்ஸ்ட் அம்மா வீட்டு முகவரிகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ‘தங்கள் ஊரிலிருந்தே எங்களுக்குத் தகவல் வந்தது’ என்று ஒரு வரி.

மூன்று முறை படித்தேன், இன்னும் நம்ப முடியவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. இனி அந்தச் சிவப்புச் சட்டையை நான் தொடவே முடியாது. ஆட்டமில்லாமல் அந்த ஊரில் நான் என்ன செய்வேன்? சனிக்கிழமை கிளப்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர் கை குலுக்கினார், எனக்கு அழுகை வந்தது.

யார் அக்கா சொன்னது? நம் ஊர்த் தபால் முழுக்க உன் கை வழியாகத்தான் போகிறது. சங்கத்துக்குப் போன உறையில் நீதானே முத்திரை குத்தியிருப்பாய்? யார் எழுத்து? அது மட்டும் சொல், போதும்.

எம்லின்


நாண்ட்கோச்
27 செப்டம்பர் 1954

பிரியமுள்ள எம்லினுக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளி மேல்சட்டை பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கிளப் சுவரில் இருந்த உன் படத்தைக் கழற்றிவிட்டார்கள். இருபது வருடமாக ஆட்ட நாளில் வாசலில் சீட்டுக் கிழிப்பவர் அப்பா. போன சனிக்கிழமை போனவர் அரைமணியில் திரும்பிவிட்டார். “என்னப்பா?” என்றேன். “சீட்டுக் கிழிக்க வேற ஆளப் போட்டுட்டாங்கம்மா” என்றார்.

உன் இடத்தில் இப்போது மோஸ்டின் ஆடுகிறான்.

உறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். தபாலில் கண்டதை வெளியே சொல்வதில்லை என்று வேலையில் சேர்ந்த அன்றே சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவள் நான். தம்பியானாலும் சொல்லக்கூடாது. இனி கேட்காதே.

நெஸ்டா


ஹெப்ஸ்வொர்த்
11 அக்டோபர் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மேல்சட்டை வந்தது. அளவு பெரிது, ஆனால் இவர்கள் போடும் தீனிக்குக் கிறிஸ்துமஸுக்குள் சரியாகிவிடும்.

உன் சத்தியத்தை நான் உடைக்க மாட்டேன். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. எழுத்து தெரியாததாக இருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பாய். தெரிந்த எழுத்து, அதனால்தான் சத்தியம் என்கிறாய். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தன் இப்போது என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். ஒரே விளக்கு வெளிச்சத்தில் நாலு வருடம் பக்கத்தில் படுத்துக் கரி வெட்டியவன் அக்கா! பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “போய்ப் பாத்துட்டு வாடா, நான் இருக்கேன்” என்றவன்.

நம் அணித்தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவன் பெயரையும் எழுதிவிட்டேன்.

இங்கே ஆறு ஆட்டத்தில் ஏழு தடவை கோடு தாண்டியிருக்கிறேன். பத்திரிகையில் இப்போது முழுப்பெயர் போடுகிறார்கள். அந்தத் தடியன் பெயர் வால்ட். அவனும் கரிச்சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டுத்தான் ஆட வருகிறான், இப்போது என் பக்கத்திலேயே நின்று எனக்காக அடி வாங்குகிறான். “டாஃபி, நீ ஓடு, ஒதைய நான் வாங்கிக்கறேன். எனக்கு மூஞ்சி ஏற்கனவே போச்சு” என்கிறான்.

அப்பாவுக்கு என் வணக்கம். வாங்கிக்கொள்வாரா தெரியவில்லை.

எம்லின்


நாண்ட்கோச்
8 நவம்பர் 1954

பிரியமுள்ள எம்லினுக்கு,

உன் உடம்பு எப்படி? தோளில் அடி என்று பத்திரிகையில் பார்த்தேன். இங்கே எனக்கு இரண்டு வாரமாகச் சரியாகத் தூக்கம் இல்லை. அதனால்தான் தாமதம்.

உன் கடிதத்தை அணித்தலைவர் கிளப்பில் உரக்கப் படித்தாராம். மறு ஞாயிறு சபையில் மோஸ்டின் உட்கார்ந்த பலகையில் அவனும் அவன் அம்மா ஹன்னா அத்தையும் மட்டும்தான். மற்றவர்கள் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். சுரங்கத்தில் அவனோடு ஜோடி சேர ஆள் இல்லை.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு நானும் போனேன். எண்பது நிமிடம், எம்லின். எண்பது நிமிடமும் நம் ஆட்கள் ஒருவர்கூட அவனுக்குப் பந்து கொடுக்கவில்லை. அவன் சும்மாவே கூட ஓடிக்கொண்டிருந்தான். கையை நீட்டி, “இங்க! இங்க!” என்று கத்திக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்த ஊர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். எங்கே என்று ஹன்னா அத்தைக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் தபால் ஆபீசுக்கு வந்து, “எம் புள்ளகிட்டருந்து ஏதாச்சும் வந்துச்சா நெஸ்டா?” என்று என்னைத்தான் கேட்கிறார்.

அவன் செய்திருக்க மாட்டான் என்று உனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா?

நெஸ்டா


ஹெப்ஸ்வொர்த்
29 நவம்பர் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் ஆறிவிட்டது. நீ தூங்கு, யாருக்காகவோ நீ ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்? உனக்கு எல்லார் மேலும் இரக்கம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவன் எங்கே போனான் என்று நான் சொல்கிறேன். ரேவன்டன் கிளப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்! பத்திரிகையில் பார்த்ததும் டீக்கோப்பை என் கையிலிருந்து விழுந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அதே குற்றத்தை அவனே செய்கிறான். இதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்?

டிசம்பர் 18, சனிக்கிழமை, ரேவன்டனில் எங்கள் இரண்டு அணிக்கும் ஆட்டம். அவனும் நானும் எதிரெதிர் இடம். முதல் தடவை அவன் பந்தைத் தொடும்போதே நான் அங்கே இருப்பேன். விதியை மீற மாட்டேன். இந்த ஆட்டத்தில் விதிக்குள்ளேயே ஒருத்தனுக்கு என்னவெல்லாம் செய்யலாம் என்று வால்ட் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான்.

அப்பாவைக் கவனித்துக்கொள்.

எம்லின்


நாண்ட்கோச்
9 டிசம்பர் 1954

எம்லின்,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாம் செய்தேன். அதனால் இன்றைக்குச் சுகம் கேட்காமலே ஆரம்பிக்கிறேன்.

சங்கத்துக்கு எழுதியவள் நான்.

பெயர் போடாமல் எழுதினேன். நீ எனக்கு எழுதிய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேதியும் மைதானமும் பார்த்து எழுதினேன். நானே உறையை ஒட்டி நானே முத்திரை குத்தினேன். அண்ணன் கல்லறையிலிருந்து வந்த மறுநாள் அது. நீ மண்வெட்டியைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தாய். உன்னையும் அந்தக் குழியில் இறக்கிவிட்டு, சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிவர என்னால் முடியாது என்று தோன்றியது. நீ திரும்பி வர வழி இல்லாமல் செய்துவிட்டால் அங்கேயே இருப்பாய், உயிரோடு இருப்பாய் என்று நினைத்தேன். அதில் மோஸ்டின் சிக்குவான் என்று நினைக்கவே இல்லை.

உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின நாள் அவன் தபால் ஆபீசுக்கு வந்தான். வேறு யாரும் இல்லை. “நெஸ்டா, ஊர்த் தபாலெல்லாம் ஒங்கைலதான் போகுது. எழுதுனது நான் இல்லன்னு ஒனக்குத் தெரியும்ல? நீ ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் நம்புவாங்க” என்றான். நான் முத்திரைக் கட்டையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். “சரி, ஒன் வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனான். என் சத்தியத்துக்குப் பயந்து நான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டான், எம்லின். கடைசியில் எனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனான்.

அவனைத் தொடாதே. ஆட்டத்துக்கு முன்னால் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் அவனிடம் சொல்.

இது நாளைக் காலை முதல் பையில் போகும்.

நெஸ்டா


ஹெப்ஸ்வொர்த்
21 டிசம்பர் 1954

நெஸ்டாவுக்கு,

உன் கடிதம் நேற்றுத் திங்கள்கிழமை வந்தது. உள்ளே ஒன்பதாம் தேதி. உறையின் மேல் பதினெட்டு. பதினெட்டு, சனிக்கிழமை, காலை. விளக்கடியில் வைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது நாள் கையில் வைத்திருந்துவிட்டு, இனி எனக்கு நேரத்துக்கு வந்து சேராது என்று தெரிந்த பிறகு முத்திரை குத்தியிருக்கிறாய். ஏன்?

நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகையில் நீ படித்திருந்தாலும் என் வாயால் கேள்.

மைதானத்துக்குள் நடக்கும்போது மோஸ்டின் என்னிடம் வந்தான். இளைத்திருந்தான். நம் வெல்ஷ் பேச்சில், “எம்லின், ஒரு நிமிஷம் பேசணும்டா” என்றான். “ஆட்டத்துல பேசிக்கலாம்” என்றேன். இரண்டாவது நிமிடம் அவனுக்குப் பந்து வந்தது. உயரமாக வந்தது, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தான். மார்பு திறந்து கிடந்தது. நான் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் நின்றிருக்கலாம் நெஸ்டா, குறைத்திருக்கலாம். தோளைக் கொடுத்தேன். பின்பக்கமாகத் தலை மடங்கி விழுந்தான். கேட்ட சத்தத்தை எழுத மாட்டேன்.

நடுவர் விசில்கூட ஊதவில்லை. விதிப்படி சரியான அடி. பத்தாயிரம் பேர் கைதட்டினார்கள். பந்து உருண்டு வந்தது, வால்ட் எடுத்து என்னிடம் கொடுத்தான், நான் ஓடிக் கோட்டைத் தாண்டி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் எழுந்திருக்கவில்லை. பலகையில் தூக்கிப்போகும்போது ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்து மேலே வைக்கக்கூட அவனால் முடியவில்லை.

‘எம்லினின் வாழ்நாள் ஆட்டம்’ என்று எழுதியிருக்கிறார்கள். புத்தாண்டுக்குப் பிறகு பதிமூன்று பேர் ஆட்டத்து நாட்டு அணித் தேர்வுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிளப்காரர் நேற்று என் முதுகில் தட்டினார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தை இரண்டு மணல்பைக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டே, “யாரு?” என்றான். சொன்னேன். “இப்பயாச்சும் நம்புறியா? நான் இல்லடா” என்றான். நம்புகிறேன் என்றேன். “யாருன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டான். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய் என்னுடையது. அடியும் என்னுடையது, அதை யார்மேலும் போட மாட்டேன். மிச்சத்தை நீ வந்து உன் வாயால் சொல்.

எம்லின்


ரேவன்டன்
30 டிசம்பர் 1954

எம்லின்,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் ஒன்பது நாள் என்று கேட்டாய். பயம். ஒவ்வொரு காலையும் உறையை எடுத்தேன், ஒவ்வொரு காலையும் திரும்ப மேசைக்குள் வைத்தேன். நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று பயந்தேன். ஒன்றும் நடக்காது, வீராப்பாக எழுதியிருக்கிறான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலை, இனி இதனால் எனக்கு ஆபத்தில்லை என்பது போல முத்திரை குத்தினேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

ஆஸ்பத்திரித் தந்தி நம் தபால் ஆபீசுக்குத்தான் வந்தது. நான்தான் ஹன்னா அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அத்தைக்கு வெல்ஷ் மட்டும்தான் வரும், ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராது என்று உனக்குத் தெரியுமே. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ கூட வாடி. அங்க அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா?” என்றார். நானாக வந்தேன் என்று நினைக்காதே, கூட்டிவரப்பட்டேன். வண்டியில் ஒன்பது மணி நேரம். “எம் புள்ள பேர்ல பழியப் போட்டவன் கை வெளங்குமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன்.

டாக்டர் இளவயதுக்காரர். என்னைப் பார்த்து, “இவங்க மகன் இனி நடக்க மாட்டார். கையும் முழுசா வராது. மெதுவாச் சொல்லுங்க” என்றார். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னவாம்?” என்றார். சொன்னேன். மோஸ்டினின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது.

பிறகு நான் நின்றபடியே மற்றதையும் சொன்னேன். எழுதியவள் நான், உறையை ஒட்டியவள் நான், அவன் வந்து கேட்டபோது பேசாமல் நின்றவளும் நான். வெல்ஷில் சொன்னேன். அந்த வார்டில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் அது புரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எனக்குத் தலையாட்டிச் சிரித்தார்.

மோஸ்டினால் என் பக்கம் திரும்ப முடியாது. கூரையைப் பார்த்தே, “ஒன் வேலைக்கு ஆபத்துன்னு நெனச்சேன் நெஸ்டா” என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்தில் வழிந்ததை அவனால் துடைக்க முடியவில்லை. அத்தை துடைத்தார்.

என்னை அடிப்பார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தை நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அரைமணி கழித்து ஒரு நர்ஸ் வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அத்தை சுவரைப் பார்த்தபடியே, “என்னவாம்?” என்றார்.

யாரைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. “பாக்குற நேரம் முடிஞ்சுதாம். நாளைக்கு ரெண்டு மணிக்கு வரச் சொல்றாங்க” என்றேன்.

“நீயும் வரணும்” என்றார். “கேட்டுச் சொல்ல எனக்கு வேற யாரு இருக்கா?”

அது நடந்து ஐந்து நாள். தினமும் போகிறோம். டாக்டர் சொல்வதை நான் சொல்கிறேன், அத்தை கேட்பதை நான் கேட்கிறேன். ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். இதுவரை என் முகத்தை அவர் பார்க்கவில்லை. மணி ஒன்றரை ஆகிறது, வாசலில் எனக்காக நிற்கிறார்.

நெஸ்டா